குதிரையில் மலைப்பாதைச் சவாரி போகும்போது ஆபத்து வந்தால் சமாளிக்க எப்படித் தயாராவது?

கேள்வி சுருக்கமாக இது: கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையடிவாரத்து ஆபர்ன் பக்கம், தோழிகள் மூவரோடு முதன்முதலாக ஒரு முழுநாள் மலைச்சவாரி போகிறார் கேட்டவர். இதுவரை வேலிபோட்ட மைதானத்துக்குள்தான் ஓட்டிப் பழக்கம். குதிரையும் சொந்தமில்லை, மாத வாடகைக்கு எடுத்தது. சேணப்பையில் என்னென்ன வைக்க வேண்டும், குதிரைக்கு வலிமருந்து கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

சேணப்பையில் எதை வைத்தாலும், தேவைப்படும் நேரத்தில் அது உங்களிடம் இருக்காது என்று எண்ணிக்கொண்டே ஆரம்பியுங்கள். மலைப்பாதை விபத்து வழக்கமாக இப்படித்தான் நடக்கும். புதரில் ஏதோ சலசலக்கும். குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளல் போடும். நீங்கள் தரையில் கிடப்பீர்கள், குதிரை வந்த வழியே, அதை ஏற்றிவந்த ட்ரெய்லரைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்கும். தண்ணீர், கட்டுத்துணி, ஜாக்கெட், ஃபோன் எல்லாம் சேணத்தோடு போய்விட்டன. கணுக்கால் வீங்கிக்கொண்டிருக்க, பள்ளத்தாக்கின் அடியில் ஒரு பாறைமேல் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். பையில் இருப்பதெல்லாம் குதிரையின் சொத்து. உடம்பில் இருப்பது மட்டுமே உங்கள் சொத்து.

ஆகவே உயிர்காக்கும் சாமான்கள் எல்லாம் பல பை வைத்த ஒரு மேல்சட்டைக்குள் போகட்டும். ஃபோன், செயற்கைக்கோள் கருவி, ஒரு கையாலேயே திறக்கக்கூடிய மடக்குக் கத்தி, விசில், லைட்டர், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அந்த வெள்ளித்தாள் போர்வை, உங்களுக்கான மருந்து. குளவி கொட்டினால் உடம்பு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் எபிநெஃப்ரின் ஊசி சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும், சேணத்தில் கூடவே கூடாது. இடுப்புப் பை கட்டுவதாக இருந்தால் முன்பக்கமாகக் கட்டுங்கள். முதுகுத்தண்டுக்கு நேராகக் கடினமான எதையும் வைத்துக்கொண்டு மல்லாந்து விழக்கூடாது. கத்தி எதற்கு என்று கேட்பீர்கள். கட்டிய கயிற்றில் கால் சிக்கிக் குதிரை திமிறும்போது முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது, அறுக்கத்தான் முடியும்.

காலில் போடுவது நடக்கக்கூடிய பூட்ஸாக இருக்கட்டும். 1955-இல் வெண்டல் ரோபி தொடங்கிவைத்த டெவிஸ் கோப்பைச் சவாரி, டாஹோ ஏரிப் பக்கத்து மலையிலிருந்து உங்கள் ஆபர்ன் வரை 100 மைல்; 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் ஒரு வருடம் குதிரை நொண்டியதால் விலக நேர்ந்த கார்டி ஐன்ஸ்லீ, 1974-இல் குதிரையே வேண்டாம் என்று அதே பாதையைக் காலால் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்தும் காட்டினார். இன்றைய வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டம் பிறந்த கதை அதுதான். நீங்களும் நானும் ஐன்ஸ்லீ இல்லை. என்றாலும் ஐந்தாறு மைல் நடந்து வெளியே வர வேண்டிய நாள் எல்லாருக்கும் வரும். அழகுக்குப் போடும் சவாரி பூட்ஸ் இரண்டாவது மைலிலேயே குதிகாலைக் கடித்துவிடும். ஆனால் குதி உயரம் கொஞ்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் முழுசாக நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழுந்தபின் கால் சிக்கி இழுபடுவதுதான் இந்த விளையாட்டின் மிகக் கொடிய விபத்துகளில் ஒன்று. அழுத்தம் பட்டால் பக்கம் திறந்துகொள்ளும் அங்கவடிகள் கிடைக்கின்றன. மற்ற சாமானில் மிச்சம்பிடித்தாவது அதை வாங்குங்கள் என்பேன். தலைக்கு, குதிரைச் சவாரிக்கென்றே ஏஎஸ்டிஎம் தரச்சான்று பெற்ற ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டும் உதவாது, வெளியே கீறல்கூட இல்லையென்றாலும்.

குதிரை ஓடிவிட்டால் அதை முதலில் பார்ப்பவர் முன்பின் தெரியாத ஒருவராக இருப்பார். சேணத்திலும் தலைக்கயிற்றிலும் ஒரு சின்ன உலோகத் தகடு கட்டி, உங்கள் ஃபோன் எண்ணையும் வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் பொறித்துவிடுங்கள். ஆளில்லாத குதிரை வந்து நிற்கிறது என்ற அந்த ஒரு அழைப்பினாலேயே தேடல் பல மணி நேரம் முன்னதாகத் தொடங்கலாம்.

அமெரிக்கன் ஆற்றின் நடுக்கிளைப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் ஃபோன் சிக்னல் போய்விடும். ஐஃபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி உண்டு. கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளில் சந்தா கட்டினால் இருபக்கமும் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் தனிநபர் அபாய ஒலிபரப்பிக்குச் சந்தா இல்லை, நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பில் இலவசமாகப் பதிந்துகொண்டால் போதும். ஆனால் அது ஒருவழிதான், பொத்தானை அழுத்தினால் ‘ஆபத்து’ என்று மட்டும் சொல்லும். எனக்கு இருவழிக் கருவிதான் பிடித்தம், ஏனென்றால் மலையில் பாதிப் பிரச்சினைகள் ஹெலிகாப்டர் கேட்பவை அல்ல. ‘ட்ரெய்லரை மேலே உள்ள சாலைக்குக் கொண்டுவா, லாடம் கழன்றுவிட்டது’ என்ற ஒரு வரிதான் தேவைப்படும். எந்தக் கருவியானாலும் வானம் தெரிய வேண்டும். அடர்ந்த மரத்துக்கடியிலும் செங்குத்துப் பாறை ஓரத்திலும் செய்தி போய்ச்சேர நேரமாகும். வாங்கிய வாரமே வீட்டு வாசலில் நின்று அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள்.

கருவியைவிட மலிவானது ஒரு துண்டுக் காகிதம். எந்த இடத்தில் ட்ரெய்லர் நிற்கிறது, வண்டி எண் என்ன, எந்தப் பாதை, குதிரைகளின் நிறம், இத்தனை மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் காணாமற்போனவரைத் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்தக் கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், காவல் தலைவரான ஷெரிஃபுடையது. பாதையை நடுவில் மாற்றினால் அந்தக் காகிதம் செல்லாக்காசு, ஆகவே மாற்றாதீர்கள்.

இனி, கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வது. மற்றவர்கள் உடனே நிற்க வேண்டும். ஓடும் குதிரையைத் துரத்தவே கூடாது. துரத்தினால் அது இன்னும் வேகமெடுக்கும், உங்கள் குதிரைக்கும் அதே வெறி தொற்றிக்கொள்ளும். ஒன்று விழுந்த இடத்தில் மூன்று விழும். இறங்கி, எல்லாக் குதிரைகளையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, அடுத்தவர்தான் விழுந்தவரிடம் போக வேண்டும். பதைப்பில் எல்லாரும் விழுந்தவரைச் சூழ்ந்துகொண்டு கடிவாள வார்களைக் கைவிட்டுவிடுவது மனித இயல்பு. அதனால் யார் குதிரை பிடிப்பது, யார் முதலுதவி என்பதைக் காலையில் சேணம் பூட்டும்போதே பேசி முடித்துவிடுங்கள். விழுந்தவர் கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், கைகால் மரத்தால், அசைக்காதீர்கள்; ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். கேட்டதையே திரும்பக் கேட்டால், வாந்தியெடுத்தால், இன்றைக்கு என்ன கிழமை என்று தடுமாறினால் தலையில் அடி பட்டிருக்கிறது. அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எழுந்து மறுபடி ஏறப் பார்ப்பார். ஏறவிடாதீர்கள். விழுந்தவுடன் ஏறியாக வேண்டும் என்ற பழைய வீரப்பேச்சு மைதானத்துக்குச் சரி, ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது சரிவராது. காட்டுப்பகுதி முதலுதவி என்று 16 மணி நேர வகுப்பு, இரண்டு நாளில் முடிவது, பல இடங்களில் நடக்கிறது. நால்வரில் இருவராவது அதை முடித்திருப்பது நல்லது.

குதிரையின் உடம்புக்கு வருவோம். அதற்கு என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிய, நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 37.2 முதல் 38.6 செல்சியஸ். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். விலாவில் காதை வைத்தால் குடல் கடமுடவென்று உருள்வது கேட்க வேண்டும். அது அமைதியாக இருந்தால்தான் கவலை. உங்கள் வாடகைக் குதிரைக்கு இந்தக் கணக்கை லாயத்தில் வைத்தே நாலைந்து நாள் எடுத்து எழுதிவையுங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நாடியைக் கண்டுபிடிக்கவே முதலில் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை லாயத்திலேயே செலவழித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மலையில் இரண்டு நோய்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர். ஒன்று கோலிக் எனும் வயிற்றுவலி. குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், படுக்கத் துடிக்கும், உருளும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, அதனால் உள்ளே சேர்ந்தது வெளியேற மேல்வழி கிடையாது. கோலிக் என்றால் இறங்குங்கள், சேணத்தைக் கழற்றுங்கள், தீனி கொடுக்காதீர்கள், கையில் பிடித்து மெதுவாக நடத்தி ட்ரெய்லரை நோக்கிக் கொண்டுபோங்கள். மற்றொன்று தசைப்பிடிப்பு, இங்கே ‘டையிங் அப்’ என்பார்கள். சில நாள் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று மலையேற்றினால் வரக்கூடும். பின்தொடைத் தசை கல்லாகிவிடும், வியர்த்துக்கொட்டும், அடியெடுத்து வைக்க மறுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். இதை நடத்தவே கூடாது. ஒவ்வொரு அடியும் தசையை இன்னும் சிதைக்கும், சிதைந்தது சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். நிறுத்தி, தசையைத் துணியால் போர்த்தி, தண்ணீர் காட்டி, மருத்துவர் வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். எது எது என்று தடுமாறினால் பின்தொடையைத் தட்டிப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பள்ளத்தாக்குகளின் அடியில் 38 செல்சியஸைத் தாண்டும். மேலே குளுகுளுவென்று இருந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் அடுப்புக்குள் இறங்குகிறீர்கள், திரும்ப அந்தச் சூட்டிலேயே ஏறவும் வேண்டும். டெவிஸ் கோப்பையில் வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் நின்று பரிசோதித்து, துடிப்பு 60 சொச்சத்துக்கு இறங்காத குதிரையைப் போகவிட மாட்டார்கள். அவ்வளவு பழக்கிய குதிரைகளிலேயே ஏறக்குறைய பாதிதான் முடிவுக்கோட்டைத் தொடும். அதே அளவுகோலை நீங்களும் கடன் வாங்குங்கள்: நிழலில் நிறுத்திக் கால் மணி நேரமாகியும் துடிப்பு 64-க்கு இறங்கவில்லை என்றால் அன்றைய சவாரி முடிந்தது. சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை இழுத்துக்கொள்ளும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டன. கழுத்து, மார்பு, தொடை இடுக்கு என்று நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். நீண்டதூரச் சவாரிக்காரர்கள் ஒரு ஸ்பாஞ்சைக் கயிற்றில் கட்டிச் சேணத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஓடையைக் கடக்கும்போது இறங்காமலே தண்ணீரில் போட்டு இழுத்துக் கழுத்தில் பிழிந்துவிடலாம். சேணப்பையில் கட்டாயம் வைக்க ஒரு பொருள் சொல் என்றால் இந்த ஸ்பாஞ்சைத்தான் முதலில் சொல்வேன்.

பையின் மீதிக்கு: குளம்பு சுரண்டி, தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் சுற்றுக்கட்டு இரண்டு உருளை, பெரிய சானிட்டரி நாப்கின்கள், துணிநாடா, உப்புநீர், கம்பி வெட்டி, குதிரையின் அளவுக்குச் சரிபார்த்த ஒரு குளம்புக் காலணி. நாப்கின் காயத்தின்மேல் வைத்து அழுத்திக் கட்ட அருமையாக உதவும். ரத்தத்தைப் பார்த்து மிரளாதீர்கள். 450 கிலோ குதிரைக்குள் 35 லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, ஒரு வாளி சிந்தினது போலத் தெரிந்தாலும் நின்றுகொண்டிருக்கும். அழுத்திக் கட்டுங்கள், ஊறி வந்தால் பிரிக்காமல் மேலேயே இன்னொன்று கட்டுங்கள். குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால், லாயத்தில் என்றால் பிடுங்காமல் விட்டு மருத்துவரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதுதான் முறை. மலையில் அது நடந்தாக வேண்டுமே! அப்போது ஏறிய இடமும் கோணமும் தெரியப் படம் எடுத்துவிட்டுப் பிடுங்கி, கட்டி, காலணி மாட்டி நடத்துங்கள். லாடம் கழன்றாலும் அதே காலணிதான்.

பாம்புக்கு வருகிறேன். சியரா அடிவாரத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு சகஜம். ஆர்வக்கோளாறில் குனிந்து முகரும் குதிரைக்கு மூக்கில்தான் கடி விழும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது. மூக்குத்துளை வீங்கி அடைத்தால் அதோடு முடிந்தது. அதற்காக இங்கே பழைய ஆட்கள் பெரிய ஊசிக்குழலை இருமுனையும் வெட்டி, விளிம்பை மழுக்கி, இரண்டு துண்டு வைத்திருப்பார்கள். வீக்கம் ஏறுமுன் மூக்குத்துளைக்குள் செருகி நாடாவால் ஒட்டிவிட வேண்டும். வீங்கிய பிறகு நுழையாது. எப்படிச் செருகுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். மனிதருக்கோ குதிரைக்கோ கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், பாம்பைவிடத் தரைக்குளவிதான் அதிகம் பேரைத் தள்ளிவிடுகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் பாதையோரப் பொந்துக்குள் கூடு பெருத்திருக்கும். முன்னால் போகும் குதிரை கலைத்துவிட்டுப் போய்விடும், அடி வாங்குவது இரண்டாவதும் மூன்றாவதும். பின்னால் வருபவர் ‘குளவி!’ என்று கத்தினால், முன்னால் இருப்பவர் ‘என்ன?’ என்று நின்று திரும்பிப் பார்க்கக்கூடாது. நின்றால் பின்னால் இருப்பவர் கூட்டின்மேலேயே மாட்டிக்கொள்வார். கேட்டதும் எல்லாரும் முன்னோக்கி விரைவது என்று முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். விஷ ஓக் செடி குதிரையை ஒன்றும் செய்யாது. அதன் பால் குதிரை மேலிருந்து உங்கள் கைக்கு ஏறி இரண்டு வாரம் சொறியவைக்கும், அவ்வளவுதான்.

சாமானைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் தயாரிப்பில் பெரிய பங்கு குதிரையின் பழக்கம். மைதானக் குதிரை இடப்பக்கம் இறங்குவதை மட்டுமே அறியும். மலைப்பாதையில் இடப்பக்கம் பாதாளமாக இருந்தால்? மேட்டுப்பக்கம் எதுவோ அந்தப் பக்கம் ஏறி இறங்க இப்போதே பழக்குங்கள். ஒரு பக்க வாரை மட்டும் இழுத்துக் கழுத்தை வளைத்து நிறுத்தும் அவசர நிறுத்தத்தைப் பல ஆசிரியர்கள் மந்திரம்போல் கற்றுத்தருவார்கள். அகன்ற இடத்தில் அது நல்ல வித்தைதான். இரண்டடிப் பாதையில் செய்தால் குதிரை தன் காலில் தானே இடறிச் சரிவில் உருளும். பிறகு, கட்டிப்போட்டால் பொறுமையாக நிற்கப் பழக்க வேண்டும். கடிவாளத்துக்கு அடியில் கயிற்றுத் தலைக்கட்டு ஒன்றை எப்போதும் மாட்டியிருங்கள். கட்டுவது அதிலிருந்துதான், கடிவாள வாரில் ஒருபோதும் இல்லை. குதிரை வெடுக்கென்று பின்வாங்கினால் வார் அறும், வாயும் கிழியும். கட்டுவது உயிருள்ள பெரிய மரத்தில், தோள்மேட்டுக்குமேல் உயரத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சில்.

ஆற்றைப் பற்றி ஒன்று. நடுக்கிளையின் நீர் மேலே ஆக்ஸ்போ மின்நிலையத்திலிருந்து திறந்துவிடப்படுவது. காலையில் முழங்கால் அளவு இருந்த துறை மாலையில் வயிற்றைத் தொடலாம். போகும்போது கடந்தோம், வரும்போதும் கடப்போம் என்று நம்பாதீர்கள், அன்றைய நீர்த்திறப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தலையைக் கீழே பிடித்துவைக்கும் வார் ஏதும் மாட்டியிருந்தால் தண்ணீரில் இறங்குமுன் கழற்றிவிட வேண்டும். தலை தூக்க முடியாத குதிரை ஆழத்தில் மூழ்கிவிடும்.

காட்டுத்தீ அங்கே கோடைகாலத்து நிரந்தரச் செய்தி. 2022 செப்டம்பரில் மாஸ்கிட்டோ தீ இதே ஆக்ஸ்போ பக்கம்தான் பற்றி 76,000 ஏக்கருக்கு மேல் தின்றது. தீ எளிதில் பரவும் வானிலை என்று சொல்லும் செங்கொடி எச்சரிக்கை இருக்கும் நாளில் பள்ளத்தாக்குக்குள் இறங்காதீர்கள். ட்ரெய்லரை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். உங்கள் குதிரை உங்கள் ட்ரெய்லரில் மட்டுமல்லாமல் யாருடைய ட்ரெய்லரிலும், இருட்டிலும் ஏறுமா என்று லாயக்காரரிடம் கேளுங்கள். ஏறாது என்றால் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வலிமருந்துக் கேள்வி. கோலிக்குக்கு வழக்கமாகக் கொடுப்பது பனமைன் என்ற ஃப்ளுனிக்சின். மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும். கொண்டுபோகலாம், ஆனால் வாயில் கொடுக்கும் பசையாக மட்டும். ஊசியாக வேண்டாம். தசையில் போட்டால் அந்த இடமே அழுகும் கொடிய தொற்று வர வாய்ப்புண்டு. ரத்தக்குழாயில் போட நினைத்துத் தவறித் தமனியில் ஏற்றினால் குதிரை அங்கேயே சுருண்டு விழும். பசையைக்கூட மருத்துவரைத் தொடர்புகொண்ட பிறகு, எடைக்கேற்ற அளவில் கொடுத்து, கொடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். மருந்து வலியை மறைக்கும். குடல் முறுகியிருக்கும் குதிரை இரண்டு மணி நேரம் நன்றாக இருப்பதுபோல் நடிக்கும், அறுவைக்கான நேரம் அதற்குள் கைநழுவிப்போகும்.

குதிரை வாடகைக்கு எடுத்தது என்பதால் இன்னொன்றையும் பேச வேண்டியிருக்கிறது, யாரும் பேச விரும்பாதது. பள்ளத்தில் விழுந்த குதிரையை ஹெலிகாப்டரில் தூக்க ஆண்டர்சன் தூளி என்று ஒன்று உண்டு. யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளியில் அவசர மீட்புக் குழுவும் இருக்கிறது. ஆனால் கால் எலும்பு இரண்டாக முறிந்துவிட்டால் பெரும்பாலும் வலியில்லாமல் முடித்துவைப்பதுதான் வழி. அந்த முடிவை எடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது, உரிமையாளருக்குத்தான் உண்டு. அவர் ஃபோன் அன்றைக்குப் பார்த்து அணைந்திருக்கும். ஆகவே கிளம்புமுன் அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எந்த மருத்துவரைக் கூப்பிடலாம், எவ்வளவு தொகை வரை சிகிச்சைக்குச் செலவிடலாம், அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா, தன்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் மருத்துவரின் முடிவே இறுதியா, காப்பீடு இருந்தால் அவர்களுக்கு எப்போது தெரிவிக்க வேண்டும். கேட்கும்போது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். கையெழுத்திட்ட தாளை ட்ரெய்லரில் ஒன்று வையுங்கள், படம்பிடித்து ஃபோனில் ஒன்று, உங்களோடு வரும் தோழிகளில் ஒருவரிடம் ஒன்று.